மறப்பவர்களிடம் பட்ட கடன்

கொலம்பியாவின் வடமேற்கில், ஆண்டீஸ் மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் இருக்கிறது ஆன்டியோக்கியா மாநிலம். யாருமால், பெல்மிரா, அங்கோஸ்டுரா என்று சிறுசிறு ஊர்கள். காப்பித் தோட்டத்தையும் பால் மாட்டையும் நம்பிப் பிழைக்கும் மக்கள். அங்கே சில குடும்பங்களில் பிறந்தவர்கள் நாற்பது வயதை நினைத்துப் பயப்படுகிறார்கள். சராசரியாக 44 வயதில் நினைவு பிசகத் தொடங்குகிறது. சொன்னதையே சொல்கிறார்கள். அடுப்பில் வைத்ததை மறக்கிறார்கள். நேற்று வந்துபோன உறவுக்காரர் ஏன் இன்னும் வரவில்லை என்று இன்று கேட்கிறார்கள். 49 வயதில் அது மறதி நோயாக முற்றுகிறது. அறுபதைத் தொடுவதற்குள் பாதிப் பேர் இறந்துபோகிறார்கள். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கான வாய்ப்பு சரிபாதி. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பெற்ற அந்தக் காலத்து வீடுகளில் இதன் பொருள் என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

பல தலைமுறைகளாக அந்த ஊர்க்காரர்கள் இதற்குத் தாங்களாகவே காரணம் கண்டார்கள். யாரோ செய்வினை வைத்தார்கள், பாதிரியார் சபித்துவிட்டார், தொடக்கூடாத மரத்தை யாரோ தொட்டுவிட்டார்கள் என்றெல்லாம் சொல்லப்பட்டது. மருத்துவம் எட்டிப் பார்க்காத இடத்தில் மக்கள் வேறு என்ன செய்வார்கள்? நோய் வந்தவரை மனைவியோ மகளோ மருமகளோ பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொண்டவளுக்கும் சில ஆண்டுகளில் அதே நோய் வந்த வீடுகள் உண்டு.

1980களின் தொடக்கத்தில் மெடயின் நகரில் பயிற்சி மருத்துவராக இருந்த பிரான்சிஸ்கோ லொபேராவிடம் பெல்மிராவிலிருந்து ஒருவர் வந்தார். நாற்பதுகளில் இருந்த அவருக்கு எண்பது வயதுக்காரரின் மறதி. விசாரித்தபோது அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அப்படித்தான் என்று தெரிந்தது. லொபேரா அந்த ஊருக்கே போனார். அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், 2024 செப்டம்பரில் இறக்கும் வரை, அந்தக் குடும்பங்களை விட்டு அவர் விலகவில்லை. லூசியா மத்ரிகால் என்ற செவிலியர் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, மரணப் பதிவேடுகளைப் புரட்டி, தனித்தனியாக நின்ற குடும்பங்களை ஒரே கொடிவழியில் சேர்த்தார். மெடயின் அப்போது போதைப்பொருள் கும்பல்களின் கையில் இருந்தது. மலையில் கெரில்லாப் படைகளும் அவர்களை எதிர்த்த ஆயுதக் குழுக்களும் இருந்தன. ரத்த மாதிரி எடுக்கப் போவதே உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

1995இல் காரணம் தெரிந்தது. 14ஆம் குரோமோசோமில் உள்ள ப்ரெசெனிலின்-1 என்ற மரபணுவில் ஒரே ஒரு பிறழ்வு. அது உண்டாக்கும் புரதத்தின் 280ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் அலனைன் உட்கார்ந்திருக்கிறது. அதனால் மூளையில் அமிலாய்டு என்னும் புரதத் துணுக்குகள் இளம் வயதிலேயே படியத் தொடங்குகின்றன. இந்தக் கொடிவழியில் வந்தவர்கள் ஏறக்குறைய ஆறாயிரம் பேர். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிறழ்வைச் சுமப்பவர்கள். ஒரே பரம்பரை அல்சைமர் நோய் கொண்ட மனிதர்கள் இவ்வளவு பேர் ஒரே இடத்தில் உலகில் வேறெங்கும் இல்லை.

இது ஆராய்ச்சிக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? அல்சைமர் நோயில் அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே மூளையில் கேடு தொடங்கிவிடுகிறது. சாதாரணமாக முதுமையில் வரும் நோயில், யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆன்டியோக்கியாவில் முடியும். முப்பது வயதில் திடமாக நடமாடும் ஒருவரைச் சுட்டி, இவருக்கு இன்ன வயதில் வரும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஆகவே நோய் வருவதற்கு முன்பே மருந்து கொடுத்துத் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேட அந்த மலை ஊர்களைவிடப் பொருத்தமான இடம் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மக்களின் கேடுதான் அவர்களை அறிவியலுக்கு வேண்டியவர்களாக்கியது. இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

அவர்கள் கொடுத்ததைப் பாருங்கள். ரத்தம் கொடுத்தார்கள். முதுகுத்தண்டு நீரைக் கொடுத்தார்கள். மணிக்கணக்கில் ஸ்கேன் கருவிக்குள் படுத்தார்கள். இறந்தபின் மூளையையும் கொடுத்தார்கள். மூளைத் திசு கெடுவதற்குள் எடுத்தாக வேண்டும், சில மணி நேரம்தான் அவகாசம். தாயின் உடல் வீட்டில் கிடக்க, அழுதுகொண்டிருக்கும் பிள்ளைகள் ஆய்வுக் குழுவுக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், அதன்பின்தான் அடக்கம். இப்படி நூற்றுக்கணக்கான மூளைகள் மெடயினில் உள்ள ஆன்டியோக்கியா பல்கலைக்கழகத்தின் மூளை வங்கிக்கு வந்து சேர்ந்தன. நம் வீடுகளில் ஒரு சாவு நடக்கும்போது இப்படியொரு கோரிக்கை வந்தால் எத்தனை பேர் சம்மதிப்போம்?

இவற்றையெல்லாம்விடப் பெரிய கொடை என்று நான் கருதுவது 2013இல் தொடங்கிய மருந்துப் பரிசோதனையில் நடந்தது. கிரெனெசுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்து அமிலாய்டைப் பிடித்து அகற்றும் என்று நம்பினார்கள். ரோஷ் நிறுவனத்தின் ஜெனென்டெக், அமெரிக்காவின் பேனர் அல்சைமர் நிலையம், லொபேராவின் குழு மூன்றும் சேர்ந்து நடத்திய அந்தப் பரிசோதனையில் 30 முதல் 60 வயதுக்குள் இருந்த, இன்னும் நோய் தொடங்காத 252 பேர் சேர்ந்தார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி. குறைந்தது ஐந்து ஆண்டுகள், சிலருக்கு எட்டு ஆண்டுகள் வரை.

அந்த 252 பேரில் 169 பேருக்குத்தான் பிறழ்வு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு வெறும் ஊசியும் போடப்பட்டன. மீதி 83 பேருக்குப் பிறழ்வே இல்லை. அவர்களுக்கு நோய் வரப்போவதில்லை, மருந்தும் தேவையில்லை. அவர்களை ஏன் சேர்த்தார்கள் என்றால், பிறழ்வு உள்ளவர்களை மட்டும் அழைத்திருந்தால் அழைப்பு வந்ததே தீர்ப்பாகிவிடும். அழைக்கப்பட்ட அன்றே ஒவ்வொருவருக்கும் தன் தலைவிதி தெரிந்துவிடும். அந்தக் குடும்பங்களில் பலர் அதைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை. எனவே யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியாதபடி, இல்லாதவர்களும் சேர்க்கப்பட்டு, அவர்களுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்தில்லாத ஊசி போடப்பட்டது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நோய் வராத ஓர் அண்ணன், தனக்கு வராது என்று தெரியாமலேயே, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மலையிறங்கி மெடயினுக்கு வந்து வெறும் ஊசியைப் போட்டுக்கொண்டு போகிறான். அவன் வருவதால்தான் அவனுடைய தம்பி தன் விதியை அறியாமல் இருக்கும் உரிமை காப்பாற்றப்படுகிறது. அவன் கொடுத்தது என்ன என்பது அவனுக்கே தெரியாது. கூடவே ஒரு நெருடலும் உண்டு. தனக்கு நோய் இல்லை என்று தெரிந்திருந்தால் அவன் துணிந்து கல்யாணம் செய்திருப்பான், பிள்ளை பெற்றிருப்பான், வேறு ஊரில் வேலை தேடிப் போயிருப்பான். தெரியாமல் வைப்பது ஒருவருக்குப் பாதுகாப்பாகவும் அடுத்தவருக்குச் சுமையாகவும் இருந்திருக்கும். தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு, முறையான ஆலோசனையோடு, சொல்லிவிடுவதே நியாயம் என்பது என் எண்ணம்.

2022 ஜூன் மாதம் முடிவு வந்தது. மருந்து வேலை செய்யவில்லை. எண்கள் மருந்தின் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தாலும், தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவுக்கு அந்தச் சாய்வு இல்லை. பல ஆண்டுகள் காத்திருந்தவர்களில் சிலருக்கு அதற்குள் அறிகுறிகள் தொடங்கியிருந்தன.

அடுத்த மாதமே, 2022 ஜூலையில், 'சயன்ஸ்' இதழ் வேறொரு செய்தியை வெளியிட்டது. 2006இல் 'நேச்சர்' இதழில் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையின் படங்கள் திருத்தப்பட்டிருக்கலாம் என்பது அந்தச் செய்தி. எலிகளில் ஒரு குறிப்பிட்ட வகை அமிலாய்டு நினைவைக் கெடுக்கிறது என்று நிறுவிய கட்டுரை அது. ஆயிரக்கணக்கான ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. 2024இல் 'நேச்சர்' அதைத் திரும்பப் பெற்றது. அந்த ஒரு கட்டுரையால் துறை முழுவதும் பொய்யாகிவிடவில்லை. அமிலாய்டுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்புக்கு ஆன்டியோக்கியாவின் மரபணுவே சான்று. ஆனால் நோயாளிகளின் குடும்பங்கள் தாயின் மூளையைக் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எங்கோ ஒரு நல்ல ஆய்வகத்தில் படத்தைத் திருத்தும் வேலை நடந்திருக்கிறது. இதை வெறும் பதிப்பு ஒழுங்கு மீறலாக என்னால் பார்க்க முடியவில்லை. கொடுத்தவர்களின் நம்பிக்கைக்கு இழைத்த துரோகம் என்றுதான் சொல்வேன்.

மருந்து தோற்றாலும் குடும்பங்கள் கொடுத்தது வீண்போகவில்லை. அலீரியா ரோசா பியெத்ரஹிதா தெ வில்லேகாஸ் என்ற பெண்மணியின் கதை இப்போது உலகம் அறிந்தது. அவருக்கும் அதே பிறழ்வு இருந்தது. நாற்பதுகளில் மறக்கத் தொடங்கியிருக்க வேண்டியவர், எழுபது வயதைத் தாண்டும் வரை தெளிவாக இருந்தார். அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அழைத்துச் சென்று மூளையை ஸ்கேன் செய்தபோது, அமிலாய்டு மிக அதிகமாகப் படிந்திருந்தது. ஆனால் நரம்பணுக்களைச் சாகடிக்கும் 'டாவ்' என்ற மற்றொரு புரதத்தின் படிவு குறைவாகவே இருந்தது. காரணம், அபோஈ என்ற மரபணுவில் 'கிறைஸ்ட்சர்ச்' என்று பெயரிடப்பட்ட ஓர் அரிய மாற்றம், தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்து அவரிடம் இரட்டையாகச் சேர்ந்திருந்தது. 2019 நவம்பரில் இந்த ஆய்வு வெளியானது. அமிலாய்டு படிந்தே தீர்ந்தாலும் மறதியைத் தள்ளிப்போட ஒரு வழி உடலுக்குள்ளேயே இருக்கிறது என்று அது காட்டியது. அந்த மாற்றத்தைப் போலச் செயல்படும் எதிர்ப்பொருளை உருவாக்கும் வேலை இப்போது நடக்கிறது. அலீரியா 2020 நவம்பரில், 77 வயதில், தோல் புற்றுநோயால் இறந்தார். மூளையைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் பெயரைக் குடும்பத்தார் சம்மதித்து வெளியிட்டார்கள்.

பெயர் வெளியாவதை நான் பெரிதாக நினைக்கக் காரணம் இருக்கிறது. நினைவு ஆராய்ச்சியின் வரலாற்றில் மிக அதிகமாக ஆராயப்பட்ட மனிதர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் எச்.எம். என்ற இரண்டு எழுத்தாகவே இருந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர், ஹென்றி மொலாய்சன். 1953 ஆகஸ்டில், அவருக்கு 27 வயது. கட்டுக்கடங்காத வலிப்பு நோய்க்காக வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியை எடுத்தார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. 1957இல் ஸ்கோவிலும் மான்ட்ரியாலைச் சேர்ந்த பிரெண்டா மில்னரும் எழுதிய கட்டுரை, நினைவு மூளையில் எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு வழி திறந்தது. கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவத்தை வரையச் சொன்னபோது, ஹென்றி நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார். முன்பு வரைந்ததே அவருக்கு நினைவில்லை. கை கற்பதும் மனம் நினைவில் வைப்பதும் வெவ்வேறு வழிகள் என்று அதிலிருந்துதான் தெரிந்தது.

2008இல் இறக்கும் வரை அவர் பரிசோதிக்கப்பட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அவரிடம் ஒப்புதல் கேட்டிருப்பார்கள், அவரும் சரி என்றிருப்பார். எதற்குச் சரி என்றார் என்பது சில நிமிடங்களில் அவரிடம் இருக்காது. 1992இல்தான் நீதிமன்றம் அவருக்கு ஒரு பாதுகாவலரை நியமித்தது. நெருங்கிய ரத்த உறவல்லாதவர் ஏன் நியமிக்கப்பட்டார் என்பது பின்னாளில் சர்ச்சையானது; அதை எழுப்பியவர் ஸ்கோவிலின் பேரன் லூக் டிட்ரிச். தன்னிடமிருந்து தெரிந்துகொள்வது பிறருக்கு உதவும் என்று ஹென்றி பலமுறை சொன்னதாக அவரை நெடுங்காலம் ஆராய்ந்த சூசன் கார்க்கின் எழுதியிருக்கிறார். நம்புகிறேன். நினைவு போனாலும் குணம் முழுவதும் போய்விடுவதில்லை என்பது மறதி நோயாளியைக் கவனித்த எவருக்கும் தெரியும். ஆனால் நல்ல மனம் இருப்பது ஒன்று, ஒப்புதல் இருப்பது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதைக் கடந்துபோகக் கூடாது.

ஆன்டியோக்கியாவில் இந்தத் தவறு நடக்கவில்லை. தெளிவாக இருக்கும்போதே கேட்டார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பேசினார்கள், நோய் முற்றியபிறகும் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். ஒப்புதல் விஷயத்தில் உலகம் 1953இலிருந்து வெகுதூரம் வந்திருக்கிறது. வராத தூரம் ஒன்று பாக்கி இருக்கிறது, அது பலனைப் பகிர்வது.

2023 ஜூலையில் லெகானெமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா முழு ஒப்புதல் அளித்தது. 1,795 பேரிடம் பதினெட்டு மாதம் நடந்த ஆய்வில் நோயின் வேகத்தை அது 27 சதவீதம் குறைத்தது. நோயாளியும் குடும்பமும் உணரக்கூடிய அளவா என்று கேட்டால், 18 புள்ளி அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம். மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் பக்கவிளைவுகள் என்பதால் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அமெரிக்காவில் அறிவித்த விலை ஆண்டுக்கு 26,500 டாலர். நோய் தொடங்கியபின் மெல்ல நகர்த்தும் இந்தச் சிறிய பலனே இவ்வளவு விலை என்றால், நாளை நோயையே தடுக்கும் மருந்து ஒன்று அலீரியாவின் உடலிலிருந்து கற்ற பாடத்தில் பிறந்து வரும்போது, யாருமாலில் மாடு வளர்க்கும் அவருடைய உறவுக்காரர் அதை வாங்குவாரா? மருத்துவ ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனம், பரிசோதனை முடிந்தபின் பங்கேற்றவர்களுக்கு அந்த மருந்து கிடைக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்ய வேண்டும் என்கிறது. நல்ல வாசகம். ஆனால் அது பரிசோதனையில் பங்கேற்றவரைத்தான் பேசுகிறது. நாற்பது ஆண்டுகள் ரத்தமும் மூளையும் கொடுத்த ஆறாயிரம் பேர் கொண்ட கொடிவழியைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. அந்தக் கொடிவழி முழுவதற்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும், அவர்கள் தந்த அறிவிலிருந்து பிறக்கும் எந்த மருந்தும் விலையின்றிக் கிடைக்க வேண்டும். இதை மருந்து நிறுவனங்களின் தாராள மனதுக்கு விடாமல் ஒப்பந்தமாக எழுத வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

நமக்கும் இது தூரத்துக் கதை இல்லை. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணித்தது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோலார் மாவட்டத்தின் ஸ்ரீநிவாசபுராவில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம், 45 வயதைக் கடந்த பத்தாயிரம் கிராமத்து மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கியிருக்கிறது. மிகவும் தேவையான வேலை. மேற்கத்திய மூளைகளை வைத்து எழுதிய விதிகள் நம் விவசாயக் கூலிக்கும் பீடி சுற்றும் பெண்ணுக்கும் அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிட முடியாது. இத்தகைய ஆய்வுகள் பெருகும், பெருகவும் வேண்டும். மருந்துப் பரிசோதனைகளும் பின்னாலேயே வரும். ரத்தம் கொடுக்கப்போவது நம் ஊர்ப் பெரியவர்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மறதி தொடங்கியிருந்து, யாராவது ஆய்வுக்கு அழைத்தால், பயந்து மறுத்துவிடாதீர்கள்; கேள்வி கேட்காமல் சம்மதிக்கவும் வேண்டாம். அவருக்கு நினைவு நிற்கும் நாட்களிலேயே அவரோடு உட்கார்ந்து, எதற்கெல்லாம் சம்மதம், எதற்கு இல்லை, இறந்தபின் மூளையைக் கொடுக்கலாமா என்று கேட்டு எழுதி வையுங்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள். சோதனை முடிவை எங்களிடம் சொல்வீர்களா, மருந்து பலித்தால் பரிசோதனைக்குப் பிறகும் தருவீர்களா, எத்தனை காலம் தருவீர்கள் என்று கேட்டு, பதிலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். பரிசோதனைக்குப் பிந்தைய மருந்து பற்றி 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருந்துப் பரிசோதனை விதிகளில் இடம் இருக்கிறது. ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஏற்று, வேறு மாற்று மருந்து இல்லாதபோது இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அது. கேட்பவருக்குத்தான் அந்த விதி பயன்படும். மறந்துவிட்டவர் கேட்க மாட்டார். அவருக்காக நீங்கள் கேளுங்கள்.